விலை கேட்க ஆளில்லாத கரையில் விலை எழுதுகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய மதிப்பீட்டாளர்களே, ஆடிட்டர்களே, கம்பெனி இயக்குநர்களே,

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31ஆம் தேதி நெருங்கும்போது, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் உள்ள ஏதோ ஒரு மனைக்கோ, தோட்டத்துக்கோ, விடுதிக்கோ, அவற்றின்மீது ஏறியிருக்கும் கடனுக்கோ, சென்னையிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் அமர்ந்துகொண்டு நீங்கள் ஒரு தொகையை எழுதுகிறீர்கள். எழுதப்பட்ட தொகை ஐந்தொகையிலோ அதன் குறிப்புகளிலோ ஏறிவிட்ட பிறகு, அது எந்த அனுமானத்தின் பேரில் பிறந்தது என்று கேட்பவர் அநேகமாக இல்லை. வங்கி அதை நம்பிக் கடன் கொடுக்கிறது. பங்குதாரர் அதை நம்பித் தம் சேமிப்பைப் போடுகிறார். தொழிலாளி, தமக்குச் சேர வேண்டியதற்கு ஈடாகக் கம்பெனியில் சொத்து இருக்கிறது என்று எண்ணி மன அமைதியோடு வேலைக்குப் போகிறார். இத்தனை பேருடைய நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் அந்தத் தொகையைப் பற்றி, இத்தீவுகளில் வாழ்கிற ஒருவன் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

முதலில், நீங்கள் பின்பற்றும் விதியோடு எனக்கு வழக்கில்லை. 2011 மே மாதத்தில் சர்வதேசக் கணக்கியல் நியம வாரியம் வெளியிட்ட 13ஆம் நியமமும், அதை ஒட்டி 2015 பிப்ரவரியில் நம் மத்திய அரசு அறிவித்த ‘இண்ட் ஏஎஸ் 113’ நியமமும், நியாய மதிப்பு என்பதற்குக் கூறும் இலக்கணம் நேர்மையானது என்றே கருதுகிறேன். சொத்து எனில், அளவிடும் நாளில் விவரமறிந்த வாங்குவோரும் விற்போரும், நெருக்கடியின்றி ஒழுங்காக நடத்தும் ஒரு பரிவர்த்தனையில் அது என்ன விலை பெறும் என்பதே அதன் நியாய மதிப்பு; பொறுப்பு எனில், அதை வேறொருவர் தலைக்கு மாற்றுவதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதே அதன் நியாய மதிப்பு. உடைமைக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்பதோ, அவர் மனத்தில் என்ன ஆசை இருக்கிறது என்பதோ அங்கே செல்லாது. வெளியிலிருந்து பார்க்கிற ஓர் அந்நியனுடைய கண்ணே அளவுகோல் என்று வகுத்ததில் பெரிய தர்மம் இருக்கிறது. என் முறையீடு விதியின்மேல் அன்று. அந்த அந்நியன் ஒருவரும் இல்லாத இடத்தில் அவனை நீங்களே கற்பித்துக்கொண்டு, கற்பித்ததைச் சொல்லாமல் விடுவதன் மேல்தான்.

அந்த நியமமே ஆதாரங்களை மூன்று படிகளாக வகுத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. பங்குச் சந்தையில் அதே பங்குக்கு அன்றைய விலை எழுதப்பட்டிருந்தால் அது முதற்படி. ஒத்த சொத்துகளின் விற்பனை போன்ற, வெளியே பார்த்தறியக்கூடிய பிற ஆதாரங்கள் இரண்டாம் படி. ஒன்றும் கண்ணுக்குத் தெரியாதபோது மதிப்பீட்டாளர் தம் சொந்த அனுமானத்தால் இட்டு நிரப்புவது மூன்றாம் படி. மும்பைச் சந்தையில் நாள்தோறும் கைமாறும் பங்கை வைத்திருக்கிற கம்பெனிக்கு முதற்படியே போதும். எங்கள் தீவுகளில் உள்ளவை ஏறக்குறைய யாவும் மூன்றாம் படியிலேதான் கிடக்கின்றன. ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

இத்தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் 7,171 சதுர கிலோமீட்டர் காடாகப் பதிவாகியிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஜாரவா, ஓங்கே, சென்டினலியர், ஷோம்பென், நிக்கோபாரியர் முதலானோர் வாழும் ஒதுக்கிடங்களில் வெளியார் நிலம் கொள்வதைத் தடுத்திருக்கிறது. எஞ்சிய சிறு பகுதியிலும், குடியேற்றக்காரர்களுக்கு வழங்கிய நிலம், குத்தகை நிலம், உரிமம் பெற்ற நிலம் என்று உரிமையின் தன்மை மனைக்கு மனை மாறுகிறது. தமிழ்நாட்டில் பட்டாவைப் பார்த்துவிட்டு விலை பேசுவது போல் இங்கே பேசிவிட முடியாது. ஆகவே ஆண்டு முழுவதிலும் ஒரு தீவில் ஒத்த தன்மையுள்ள விற்பனைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே இருப்பது இயல்பு. பத்திரத்தில் எழுதும் விலை சர்க்கிள் ரேட்டைத் தழுவியதாக இருக்கலாம். அது முத்திரைத் தீர்வைக்காக அரசு வகுத்த விலையே அன்றிச் சந்தை பேசிய விலை அன்று. இப்படிப்பட்ட இடத்தில் ‘ஒப்பிடத்தக்க விற்பனைகளின் அடிப்படையில்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நீங்கள் ஒரு கோடியை எழுதும்போது, அந்த ஒப்பீடு எந்தத் தீவின் எந்த மனையோடு, எந்த உரிமையுள்ள நிலத்தோடு செய்யப்பட்டது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லையா?

வருமானத்தை மூலதனமாக்கி மதிப்பிடும் முறையை எடுத்துக்கொண்டால் ஆபத்து இன்னும் நுட்பமானது. ஸ்வராஜ் தீவில் (பழைய ஹேவ்லாக்கில்) வாடகைக்கு விடப்பட்ட ஒரு கட்டடம் செலவெல்லாம் போக ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அவ்வருமானம் என்றென்றைக்கும் மாறாமல் வரும் என்று கொண்டு நூற்றுக்கு 8 வீதத்தில் மூலதனமாக்கினால் மதிப்பு 1 கோடியே 25 லட்சம். அதே வருமானத்தை நூற்றுக்கு 12 வீதத்தில் மூலதனமாக்கினால் 83 லட்சத்துச் சொச்சம். கட்டடத்தில் ஒரு கல்லும் அசையவில்லை, வாடகைதாரரும் மாறவில்லை. மாறியது உங்கள் மேசையின்மேல் உள்ள ஒரு வீதம் மட்டுமே. எட்டு என்பதா, பன்னிரண்டு என்பதா என்பதற்கு, 2020இல் கொரோனாக் காலத்தில் கப்பலும் விமானமும் நின்று விடுதிகள் மூடிக் கிடந்த மாதங்களும், மே மாதம் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் பருவமும், குடிநீர்ப் பற்றாக்குறையும் சாட்சி சொல்ல வேண்டும். அவற்றை விசாரியாமல் பெருநகரத்து வாடகைக் கட்டடத்தின் வீதத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது எங்களுக்கு இழைக்கும் அநீதி.

இன்னொன்று கப்பல். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடையே கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நியாய மதிப்பை அளவிடும்போது தரகு முதலிய பரிவர்த்தனைச் செலவுகளைக் கழிக்கக் கூடாது, ஆனால் இருக்கும் இடமே ஒரு பொருளின் இயல்பாக இருந்தால் அதைப் பிரதான சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் செலவைக் கழித்தே ஆக வேண்டும் என்று நியமம் தெளிவாகச் சொல்கிறது. வட அந்தமானின் டிக்லிபூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் கணக்கை நினைத்துப் பாருங்கள். மரம் நெடுங்காலம் காய்க்கும் பயிராதலால் அது இயந்திரத்தைப் போல் ஆதி விலையில் வைக்கப்படலாம். மரத்தில் தொங்கும் காயையோ, இண்ட் ஏஎஸ் 41இன்படி, விற்பனைச் செலவு கழித்த நியாய மதிப்பில் காட்ட வேண்டும். கொப்பரைக்குப் பிரதான சந்தை மெயின்லாந்தில் இருக்குமானால், தீவின் சாலையும், துறைமுகத்துக் கூலியும், கப்பல் வாடகையும், வழியில் ஏற்படும் சேதமும் அந்தக் காயின் விலையிலிருந்து இறங்க வேண்டியவை. தமிழ்நாட்டின் காங்கேயத்துக் கொப்பரை விலையை அப்படியே எடுத்துத் தீவின் காய்க்குச் சூட்டுகிற மதிப்பீடு, கடலையே கணக்கிலிருந்து அழித்துவிடுகிறது.

இனி நான் மிகுதியாக வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். நிலம் முதலான சொத்துகளுக்கு, இப்போது எப்படிப் பயன்படுகிறதோ அதை மட்டும் பாராமல், அதனின்றும் உச்சப் பயன் எப்படிக் கிட்டுமோ அதை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது நியமம். அந்தப் பயன் பௌதிகமாக இயலக்கூடியதாக, சட்டத்துக்கு உட்பட்டதாக, பண அளவில் கட்டுபடியாகக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளும் அங்கேயே இருக்கின்றன. சொத்தோடு ஒட்டிக்கொண்டு, வாங்குகிறவனையும் தொடரக்கூடிய தடைகள் எல்லாம் சொத்தின் இயல்பாகவே கருதப்பட்டு விலையைக் குறைக்க வேண்டும்; இப்போதைய உடைமைக்காரரை மட்டும் கட்டுப்படுத்தும் தடைகள் கணக்கில் வரா. ஒதுக்கிட விதியும், காட்டுச் சட்டமும், 2019இன் தீவுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும், குத்தகையின் எஞ்சிய ஆண்டுகளும், யார் வாங்கினாலும் அவரைத் தொடர்கிற தடைகள். இது ஏட்டளவில் எளிது. நடைமுறையில் என்ன ஆகிறது என்பதற்கு லிட்டில் அந்தமானைப் பாருங்கள்.

1977இல் அந்தமான் நிக்கோபார் தீவுகள் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் என்ற மத்திய அரசு ஸ்தாபனம் தோன்றியது. லிட்டில் அந்தமானில் ஹட் பே பக்கத்தில் ஏறத்தாழ 1,600 ஹெக்டேரில் எண்ணெய்ப் பனை, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர், இவற்றோடு மரம் வெட்டும் தொழில் என்று அது நடந்தது. இத்தீவுகளின் காடுகளை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று அந்நீதிமன்றம் 2002 மே மாதத்தில் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, மரம் வெட்டுதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. காட்டு நிலத்தில் ஒற்றைப் பயிர்த் தோட்டங்களைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்பதும் அப்பரிந்துரைகளில் ஒன்று. பனைகள் நின்றன, நிலம் நின்றது, அவற்றைக் கொண்டு வருவாய் ஈட்டும் சட்ட உரிமை குன்றியது. ஆனால் 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப் பனைக்கான தேசிய இயக்கத்தை அறிவித்து, வடகிழக்கு மாநிலங்களையும் எங்கள் தீவுகளையும் சிறப்பாகக் குறிப்பிட்டது.

இப்போது உங்களில் ஒருவர் இத்தகைய நிலம் ஒன்றுக்கு மதிப்பு எழுத வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடை நீடிக்கும் என்று கொண்டால் அது பழைய பனைகள் நிற்கும் காடு. தடை தளரும் என்று கொண்டால் அது பெருந்தோட்டம். ஒரே மண்ணுக்கு இரண்டு விலைகள். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் முழுவதும் ஒரு நீதிமன்றத்தின் வருங்கால மனப்போக்கைப் பற்றிய உங்கள் ஊகத்தில் அடங்கியிருக்கிறது. விவரமறிந்த வாங்குவோன் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, அதற்கு ஆகும் காலமும் செலவும் எவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் விலை சொல்வான். அனுமதி கையில் கிடைத்துவிட்டதாகப் பாவித்து முழு விலை கொடுக்க மாட்டான். நீங்களும் அவ்வாறே செய்கிறீர்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாய்ப்பை நூற்றுக்கு எத்தனை என்று கொண்டீர்கள் என்பதை அறிக்கையில் ஏன் மறைக்க வேண்டும்? ஊகம் செய்வது குற்றமன்று. ஊகத்தை உண்மையின் ஆடையில் நிறுத்துவதுதான் குற்றம்.

இந்தக் கழகத்தின் கதையில் மனிதர்களும் இருக்கிறார்கள். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சில கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தேயிலைக்காக ஒரு முறை கடல் கடந்த குலம், ரப்பருக்காக மறுபடியும் கடல் கடந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இந்தக் கழகத்தை மூடிவிட்டு, ஊழியர்களுக்குச் சேர வேண்டியவற்றைத் தீர்த்துக் கொடுக்கத் தீர்மானித்தபோது அதில் 836 பேர் பணியில் இருந்தார்கள். அன்றைய அரசு அறிக்கை, பயன் தராத ஸ்தாபனம் செலுத்த வேண்டிய அரசுக் கடனும் வட்டியும் இத்தோடு முற்றுப்பெறும் என்றும், சொத்துகள் மேலும் பயனுள்ள வழியில் பயன்படும் என்றும் கூறியது. அந்த முடிவின் நன்மை தீமைகளை விவாதிப்பது இம்மடலின் நோக்கம் அன்று. சொத்தின் மதிப்பும் பொறுப்பின் மதிப்பும் ஒரே தாளின் இரண்டு பக்கங்களில் இருந்தாலும், அவற்றின் பின்னே நிற்பவர்கள் வேறு வேறு என்பதை நீங்கள் மறக்கலாகாது என்பதற்காகவே இதைச் சொன்னேன். சொத்தின் மதிப்பைக் கூட்டி எழுதினால் மகிழ்பவர் உண்டு; பொறுப்பின் மதிப்பைக் குறைத்து எழுதினால் அழுகிறவர் யார் என்பதைக் கணக்கு சொல்லாது.

பொறுப்புகளைப் பற்றி நியமம் சொல்லும் ஒரு விஷயம் சாமானியரைத் திகைக்க வைக்கக்கூடியது. ஒரு கடனை நியாய மதிப்பில் அளக்கும்போது, கம்பெனி அதைத் திருப்பித் தராமல் போகக்கூடிய அபாயமும் அந்த மதிப்பில் சேர வேண்டும். ஆகவே கம்பெனி நொடிக்க நொடிக்க, அதன் சொந்தக் கடனின் நியாய மதிப்பு குறையும். குறைந்த அளவு கணக்கில் லாபமாகத் தோன்றும். இதில் சந்தைத் தர்க்கம் உண்டு. நொடிந்தவன் எழுதிய கடன்பத்திரத்தைச் சந்தையில் முழு விலைக்கு வாங்குவார் இல்லை. ஆயினும் கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு காசும் குறையவில்லை. இதன் விபரீதத்தை உணர்ந்துதான் இண்ட் ஏஎஸ் 109, நியாய மதிப்பில் வைப்பதெனக் கம்பெனி தானே தேர்ந்துகொண்ட கடன்களில் இந்தப் பகுதியைப் பொதுவாக லாப நஷ்டக் கணக்கில் சேர்க்காமல் பிற விரிவான வருமானத்தில் தனியே காட்டச் செய்திருக்கிறது. இயக்குநர்களே, அப்படித் தனியே காட்டும் இடத்தில், எங்கள் நிலை தாழ்ந்ததால்தான் இந்தத் தொகை தோன்றியது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஊழியர்களின் பணிக்கொடை முதலியவை வேறு நியமத்தின்படி, எதிர்காலத்தில் தர வேண்டியதை இன்றைய மதிப்புக்குக் கழித்து அளக்கப்படுகின்றன என்பதை அறிவேன். அங்கும் கழிவு வீதத்தை அரை சதவீதம் கூட்டினால் பொறுப்பு எவ்வளவு குறைகிறது என்பதைத் தொழிலாளர் படித்தறியக்கூடிய இடத்தில் வைப்பது உங்கள் கடமை.

மண்ணே நிலையில்லாத தேசம் இது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போயிற்று. வட அந்தமானில் சில கரைகளோ உயர்ந்து பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன. கச்சால் மிகக் கொடிய அழிவைக் கண்டது. இத்தீவுகள் முழுவதும் நாட்டின் கடும் நிலநடுக்க மண்டலங்களுள் ஒன்றாக வகுக்கப்பட்டவை. அப்பேரழிவை அடுத்த மாதங்களில் பயத்தால் யாரேனும் கிடைத்த விலைக்குத் தம் மனையை விற்றிருந்தால், அதை ஒழுங்கான பரிவர்த்தனை என்று கொள்ளலாகாது. நெருக்கடி விற்பனை நியாய மதிப்புக்குச் சாட்சியாகாது என்பதில் நியமம் நம் பக்கமே இருக்கிறது. அதைப் போலவே, பேரழிவு நடந்து இருபது ஆண்டுகள் சென்றுவிட்டன என்பதற்காக, அந்த அபாயமே இல்லாததுபோல் ஒரு கடற்கரை மனையை மதிப்பிடுவதும் நியாயமாகாது. விவரமறிந்த வாங்குவோன் என்று நியமம் சொல்கிற அந்தப் புருஷனுக்கு 2004 தெரிந்திருக்க வேண்டாமா?

கிரேட் நிக்கோபாரைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் ஆகியவற்றுக்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்றிப் பயன்படுத்த 2022 அக்டோபரில் முதற்கட்ட அனுமதி தரப்பட்டது; 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்தது. இத்திட்டத்தை முன்னெடுக்கும் ஸ்தாபனம், 1988இல் நிறுவப்பட்ட அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம். நம் நாட்டில் காட்டை வேறு பயனுக்கு மாற்றுகிறவர் ‘நிகர நிகழ்கால மதிப்பு’ என்ற தொகையைக் கட்ட வேண்டும். அது காடுகள் பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் வந்தது, காட்டின் வகையையும் அடர்த்தியையும் கொண்டு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்படுவது. அது ஓர் இழப்பீட்டுக் கட்டணம். நியாய மதிப்பு அன்று. அந்தக் காட்டை விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. பேராமைகள் முட்டையிடும் கரைக்கும் ஷோம்பென் மக்களின் வாழ்விடத்துக்கும் சந்தை என்று ஒன்று கிடையாது. நாளை அங்கே குத்தகை பெறப்போகும் கம்பெனிகளின் ஐந்தொகையில் நிலம் ஏறும்போது, கட்டிய கட்டணத்தையே அந்நிலத்தின் நியாய மதிப்பாகக் காட்டத் துணியாதீர்கள். அளக்க இயலாதது அளக்கப்படவில்லை என்று குறிப்பில் ஒரு வரி எழுதினால் உங்கள் தொழிலின் மானம் போய்விடாது.

நீங்கள் சொல்லக்கூடிய ஆட்சேபங்களை நான் அறியாமல் இல்லை. இண்ட் ஏஎஸ் எல்லாக் கம்பெனிகளுக்கும் உரியதன்று, பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும் நிகர மதிப்பு 250 கோடியும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும்தான் உரியது, தீவுகளில் இயங்கும் சிறு கம்பெனிகள் பழைய நியமங்களிலேயே இருக்கின்றன என்பீர்கள். உண்மை. ஆனால் கடனுக்கும், இணைப்புக்கும், புதுப் பங்கு வெளியிடுவதற்கும் அவையும் உங்களிடம்தான் வருகின்றன. பெரிய கம்பெனிகள் இங்கே நிலம் வாங்கும்போதும் நீங்களே எழுதுகிறீர்கள். வாடகைக்காக வைத்திருக்கும் முதலீட்டு மனையை நம் நாட்டில் ஐந்தொகைக்குள் நியாய மதிப்பில் கொண்டுவரவே அனுமதியில்லை, குறிப்பில்தானே காட்டுகிறோம் என்பீர்கள். அதுவும் உண்மை. குறிப்பில் காட்டும் தொகையைத்தான் வங்கி மேலாளர் முதலில் புரட்டிப் பார்க்கிறார். அந்த மதிப்பு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரால் எழுதப்பட்டதா இல்லையா என்று வெளிப்படுத்த வேண்டும் என 2021 மார்ச்சில் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டதும் இதன் முக்கியத்துவத்தை உணர்ந்தே. மூன்றாம் படி மதிப்பீட்டில் தவறு நேர்வது இயற்கை என்பீர்கள். தவறு நேர்வதை யாரும் மன்னிப்பார்கள். அமெரிக்காவின் என்ரான் கம்பெனி நெடுங்கால எரிவாயு ஒப்பந்தங்களின் வருங்கால லாபத்தைத் தன் சொந்த மாதிரிக் கணக்குகளால் இன்றைய வருமானமாகக் காட்டி 2001இல் வீழ்ந்தபோது, அதன் கணக்கை நம்பி ஓய்வூதியச் சேமிப்பைப் போட்டிருந்த ஊழியர்கள் தவறை விடக் கொடிய ஒன்றைக் கண்டார்கள்: அனுமானங்கள் இன்னவை என்று எவருக்கும் சொல்லப்படாமல் இருந்ததை.

செலவைப் பற்றியும் பேசுவீர்கள். ஒரு சிறு மனைக்காக ஒருவரை விமானத்தில் அனுப்பி, அங்கிருந்து படகில் அனுப்பி, நாட்கணக்கில் தங்க வைக்க எங்கள் கட்டணம் இடங்கொடுக்காது என்பீர்கள். இடங்கொடாவிட்டால் அந்த வேலையை ஏற்காதீர்கள். அல்லது, நேரில் பார்க்கவில்லை, படங்களையும் பத்திரங்களையும் கொண்டே எழுதினோம் என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 2017ஆம் ஆண்டின் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகள், என்ன பார்வையிடப்பட்டது, தகவல் எங்கிருந்து வந்தது, எந்தக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு இவ்வறிக்கை எழுதப்பட்டது என்பனவற்றை அறிக்கையில் சொல்லும்படி உங்களைக் கேட்டிருக்கின்றன. அந்தத் தலைப்புகளை அச்சிட்ட வாசகங்களால் நிரப்பாமல், உண்மையால் நிரப்பும்படி வேண்டுகிறேன்.

இந்தத் தீவுகளில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளிகளும், தெலுங்கரும், மலையாளிகளும், ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களும், நிக்கோபாரியரும் எங்களோடு வாழ்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஐந்தொகையைப் படிக்க மாட்டார்கள்; அதன் விளைவை அனுபவிப்பார்கள். கடன் மறுக்கப்பட்ட தோட்டக்காரனும், கடை ஏலத்துக்குப் போன வியாபாரியும், கம்பெனி மூடிய பிறகு தனக்குரியதற்காக வாசலில் நின்ற தொழிலாளியும் உங்கள் தொகையின் முடிவில் நிற்கிறார்கள். அவர்களுக்காகவே கேட்கிறேன்.

வருகிற மார்ச் 31ஆம் தேதிக் கணக்கிலிருந்தேனும், தீவுச் சொத்து ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எழுதும் மதிப்போடு அது எந்தப் படியில் நிற்கிறது, எந்த வீதத்தைக் கொண்டீர்கள், அவ்வீதம் இரண்டு சதவீதம் மாறினால் மதிப்பு எவ்வளவு மாறும், நிலத்தின்மேல் என்ன தடை இருக்கிறது, அனுமதி வரும் என்று நம்பினீர்களா, நம்பினால் எவ்வளவு, கப்பல் செலவைக் கழித்தீர்களா, நேரில் பார்த்தீர்களா என்பதை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், சாதாரண மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் நடையில் சேர்த்து எழுதுங்கள். இவற்றில் பலவற்றை வெளியிட வேண்டும் என்று நியமமே கேட்கிறது. நீங்கள் வெளியிடுவதை எங்களுக்குப் புரியும்படி வெளியிடுங்கள் என்பதே என் விண்ணப்பம். ஆடிட்டர்களே, அந்தப் பக்கம் இல்லாத மதிப்பீட்டில் கையெழுத்திடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். இயக்குநர்களே, கேட்கிற ஆடிட்டரை மாற்றாதீர்கள். அந்தப் பக்கத்தைத் தமிழிலும் ஹிந்தியிலும் வங்காளத்திலும் பெயர்த்து, உங்கள் தோட்டத்திலும் விடுதியிலும் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இங்ஙனம்,
ஸ்ரீ விஜயபுரத்தில் வாழும் ஒரு குடிமகன்